புதன்கிழமைத் தூக்குவாளி

நாட்டுக்கோழிக் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. அவரவர் வீட்டுப் பழக்கம். ஆனால் எழுமலை ஆண்டிச்சாமி அண்ணன் வீட்டில் தேங்காய் கிடையாது. சின்ன வெங்காயம், மிளகு, மல்லி, வரமிளகாய் எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து, நல்லெண்ணெயில் வதக்கிக் கோழியை வேகவிடுவார்கள். அந்த வாசம் மறுநாள் வரை விரலை விட்டுப் போகாது. கையுறை மாட்டிக்கொண்டு வியாழக்கிழமை நோயாளிகளின் வாய்க்குள் கையை விட்டால்கூட ஓரிருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கனகாவின் பல்லைப் பற்றி எழுதித் தரச் சொன்னால் இவன் குழம்பைப் பற்றி எழுதுகிறானே என்று உங்கள் விசாரணைக் குழுவுக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இரண்டும் ஒரே விஷயம்தான்.

என் பெயர் ரவிசங்கர். மதுரை காமராசர் சாலையில் ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்கு மேல்மாடியில் என் பல் மருத்துவமனை. நாங்கள் சௌராஷ்டிரர்கள். எங்கள் வீட்டில் கறியும் மீனும் மட்டுமல்ல, வெள்ளிக்கிழமை என்றால் வெங்காயம்கூட அடுப்படிக்குள் வராது. கல்லூரி விடுதியில் நான் கற்றுக்கொண்டவை இரண்டு. ஒன்று பல் வைத்தியம், இன்னொன்று கோழி தின்பது. முதலாவதுக்குப் போர்டு மாட்டினேன். இரண்டாவதை என் மனைவி ராதாமணியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் மகன் ராகேஷின் படிப்புக்காகச் சென்னையில் வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். வீட்டில் எங்கள் பாஷையில் பேச எனக்கு ஆள் இல்லை. மதியம் மெஸ் சாப்பாடு, இரவு இட்லி. அதற்காக நான் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சுபாவத்திலேயே கலகலப்பான ஆள். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள்.

கனகா முதன்முதலாக என் மாடிப்படி ஏறியது இரண்டாயிரத்து நான்கில். அப்போதுதான் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தாள். மதுரையில் அந்தச் சமயம் விமானப் பணிப்பெண் பயிற்சி நிலையங்கள் திறந்தவண்ணம் இருந்தன. அதில் ஒன்றில் சேர்ந்து, சென்னையில் நடந்த தேர்வுக்கும் போய் வந்திருந்தாள். உயரம், நிறை, இங்கிலீஷ் எல்லாம் பிரமாதம் என்றார்களாம். பல்லை மட்டும் சரிசெய்துகொண்டு வா, வயது வரம்பு தாண்டுவதற்குள் வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மேல் வரிசையில், நடுப்பல்லுக்கு அடுத்த பல். பாதி திறந்த கதவு மாதிரி பக்கவாட்டில் திரும்பி நின்றது. மற்றபடி முத்துப்பல் வரிசை. அந்த ஒரு பல்லுக்காக அந்தப் பெண் சிரிப்பு வரும்போதெல்லாம் துப்பட்டாவைத் தூக்கி வாயை மூடிக்கொள்வாள். நல்ல சிரிப்புக்காரி வேறு. துப்பட்டாவுக்கு ஓய்வே கிடையாது.

கம்பிக் கிளிப் போடலாம் என்றேன். பயிற்சி வகுப்பில் கம்பியோடு போய் நிற்க முடியாது என்றாள். வெளிநாடுகளில் அப்போது கண்ணாடி மாதிரியான தட்டுகள் வந்துவிட்டன. பல்வரிசை மேல் உறைபோல மாட்டிக்கொள்வது. மாட்டியிருப்பதே வெளியே தெரியாது. சாப்பிடும்போது கழற்றி வைத்துவிடலாம். இங்கே அதை வரவழைப்பதென்றால் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டாது. நானே செய்து தருகிறேன் என்றேன். எனக்கு அந்த வேலையில் ஆசை உண்டு, கையும் சுத்தம்.

வேலை இதுதான். வாயில் அச்சு எடுத்து, மாவுக் கலவையை ஊற்றிப் பல்வரிசையின் பொம்மையைச் செய்துகொள்ள வேண்டும். பொம்மையில் அந்தக் கோணல் பல்லை மட்டும் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்து, அது போக வேண்டிய பக்கமாக ஒரு மயிரிழை திருப்பி, மெழுகு வைத்து ஒட்ட வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிப் படியவைத்தால் தட்டு தயார். பல் இன்னும் போகாத இடத்துக்குத் தட்டு முன்னாலேயே போய்விட்டிருக்கும். மாட்டினால் தட்டு பல்லைத் தள்ளும். இரண்டு வாரத்தில் பல் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் அடுத்த தட்டு. தட்டு சொல்கிற பக்கம் பல் போகும், கேள்வி கேட்காது.

அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை கனகா வந்தாக வேண்டும். கூடவே அப்பா ஆண்டிச்சாமி வருவார். எழுமலையில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ். முதல் தடவை அவர் உள்ளே வரவில்லை. மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அடுத்த தடவை வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒரு தூக்குவாளி கொண்டுவந்தார். கொடுக்கலாமா கூடாதா என்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"கோழிக் கொழம்பு. வீட்ல குடுத்துவிட்டா. நீங்க சுத்தபத்தமான ஆளுக, திங்க மாட்டீகன்னு பாப்பா சொல்லுச்சு. நாந்தேன் கேக்காமக் கொண்டாந்துட்டேன்."

நான் ஆசுபத்திரிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, மெஸ் சோற்றை வரவழைத்து, அவர் கண் முன்னாலேயே சாப்பிட்டேன். தூக்குவாளியைச் சோறு போட்டு வழித்தேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"எங்க அய்யா பண்ணையில வேல செஞ்ச ஆளு தம்பி. அவரு மொண்டு குடுத்த தண்ணியக்கூட ஒருத்தரும் வாங்க மாட்டாக. இன்னைக்கு டாக்டரு எங்க வீட்டுக் கொழம்பத் திங்கிறீக. வீட்ல போயிச் சொன்னா எம் பொண்டாட்டி நம்பமாட்டா, ஏத்தா, பாத்துக்கிட்டியா?"

கனகா துப்பட்டாவுக்குள் சிரித்தாள். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. நான் மனிதர்களிடம் பேதம் பார்ப்பவன் இல்லை என்பதை இந்த இடத்தில் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து அந்தப் புதன்கிழமைகளில் மதிய நேரத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. கனகாவுக்குப் புதுத் தட்டை மாட்டிப் பார்த்துக் கழற்றிவிட்டு, நாங்கள் மூவரும் பின்னறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அண்ணன் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. அவர் அய்யா கூலி வேலை பார்த்த அதே நிலத்தில் ஒரு துண்டை அவர் விலைக்கு வாங்கிய கதை, கிணற்று மோட்டாரைத் திருடியவனே அதை ரிப்பேர் பார்க்க வந்து மாட்டிக்கொண்ட கதை, ஓட்டுக் கேட்க வந்தவரை அவர் வீட்டு ஆடு விரட்டிய கதை. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும். சாப்பாடு முடிந்ததும் மடியிலிருந்து சோழவந்தான் வெற்றிலையை எடுப்பார். பல் டாக்டர் வெற்றிலை போடலாமா என்று கனகா கேலி செய்வாள். போடுவேன். எங்கள் பாஷையில் "சாப்பிட்டீர்களா" என்று கேட்க அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். படி ஏறும்போதே அதைக் கேட்டுக்கொண்டு வருவார். உச்சரிப்பு கண்ணராவியாக இருக்கும். ஆனால் என்னிடம் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை.

சில சமயம் மாடி ஜன்னலுக்கு மேலே விமானம் போகும். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

"எம்மக அதுக்குள்ள நின்னுக்கிட்டு எழுமலையக் குனிஞ்சு பாக்கணும் தம்பி. அம்புட்டுத்தான். அதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம்."

பல் அழகாக வந்துகொண்டிருந்தது. என் வேலையை நானே மெச்சிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் மதுரையில் அன்றைக்கு அதைச் செய்ய வேறு கை இல்லை. பாதி திறந்திருந்த கதவு ஏறக்குறையச் சாத்திவிட்டது. ஒரு புதன்கிழமை, குழம்பை ஊற்றிக்கொண்டே அண்ணன் சந்தோஷமாகச் சொன்னார்.

"இன்னும் ஒரு தடவ வந்தாப் போதும்னு பாப்பா சொல்லுது. இனிமே உங்களுக்கு எங்க தொந்தரவு இல்ல தம்பி."

அன்றைக்குக் குழம்பில் என்ன குறை என்று தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் போன பிறகு பின்னறையில் கடைசித் தட்டுக்கான பொம்மையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல்லை அறுத்தேன். மெழுகு வைத்தேன். எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஒட்டினேன்.

என் கை தானாகச் செய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கை தானாக எதையும் செய்யாது. நன்றாக யோசித்துத்தான் செய்தேன். கொஞ்சம் பின்னால் கொண்டுபோய், மறுபடி முன்னால் கொண்டுவந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பல் அங்கேயேதான் இருக்கப்போகிறது. அதற்கு மேல் ஒரு பைசா வாங்க வேண்டாம் என்றும் அன்றைக்கே முடிவுசெய்தேன். கடைசிவரை வாங்கவில்லை. அதற்காக அண்ணன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பிய பல்லுக்குப் பழைய இடத்தின் ஞாபகம் இருக்கும், விட்டால் பழையபடி திரும்பப் பார்க்கும் என்று அவர்களிடம் சொன்னேன். இது பொய் இல்லை. பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அண்ணன் உடனே ஏற்றுக்கொண்டார். பழக்கிய மாடே பழைய கொட்டடிக்கு ஓடும்போது பல் ஓடாதா என்று மகளுக்கு அவரே விளக்கினார். கனகா மட்டும் ஒரு தடவை புதுத் தட்டை மாட்டிக்கொண்டு யோசித்தாள்.

"டாக்டர், முன்னாடியெல்லாம் இந்தப் பக்கந்தான் இறுக்கும். இப்ப எதிர்ப்பக்கம் இறுக்குது."

"அது நல்லதும்மா. பல் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன். அவள் தலையாட்டினாள். சொன்னபடி ராத்திரி பகலாகத் தட்டைப் போட்டாள். இப்படி ஒழுங்காகச் சொன்னதைச் செய்கிற நோயாளி கிடைப்பது அபூர்வம். அவள் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் பல்லுக்கு இவ்வளவு ஆகியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, பல் போயிற்று, வந்தது, போயிற்று. எனக்கு அவை நல்ல வருஷங்கள். சென்னைத் தேர்வு ஒன்று வந்தது. பல் அப்போது பாதி வழியில் இருந்தது, அதனால் கனகா போகவில்லை. அடுத்த வருஷமும் வந்தது. தைரியமாகப் போய் நின்றாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் புதன்கிழமை அவள் சாப்பிடவில்லை. அழக் கூடாது, பல்லுக்கு நல்லதில்லை என்று ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டேன். யாரையும் சிரிக்கவைக்க என்னால் முடியும். பிறகு வயது வரம்பும் தாண்டிவிட்டது. அண்ணன் விமானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஆனால் வருவதை விடவில்லை.

"வேல போனாப் போகுது தம்பி. பொட்டப்பிள்ள, நாளைக்கு ஒருத்தன் பொண்ணுப் பாக்க வரையில சிரிச்சு நிக்கணும்ல?"

இடையில் அவர் வீட்டுக் கோழிகளெல்லாம் தீர்ந்துபோயின. அவர் அதைச் சொன்னபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நானும் மனிதன்தானே. அதற்கு அடுத்த தடவை அயிரை மீன் குழம்பு வந்தது.

என் ஆசுபத்திரியைப் பெருக்கி, டோக்கன் கொடுக்கும் அன்னக்கொடி ஒரு நாள் கேட்டாள்.

"ஏன் டாக்டரே, அந்தப் பிள்ளைக்குப் பின்னாடி வந்தவுகளெல்லாம் பல்லு நேராகிக் கல்யாணமாகிப் பிள்ளையும் பெத்துட்டாக. இதுக்கு மட்டும் இன்னுமா முடியல?"

சில பற்கள் அப்படித்தான் என்றேன். அவளுக்கு அதில் பங்கு இல்லை. அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது ஒரு ஆட்டுக்குட்டி. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கனகா சாப்பிடும்போது கழற்றி வைத்த தட்டை ஆட்டுக்குட்டி வெற்றிலை மாதிரி மென்றுவிட்டது. தட்டு தொலைந்தால் முந்தின தட்டை மாட்டிக்கொள்ள வேண்டும், அதனால் பழைய தட்டு எதையும் தூக்கிப்போடக் கூடாது என்று எல்லா நோயாளிகளிடமும் நான் சொல்வதுண்டு. அவள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள்.

அடுத்த புதன்கிழமை அவள் தனியாக வந்தாள். அண்ணன் வரவில்லை. நான் முதலில் பார்த்தது அவள் கையில் தூக்குவாளி இருக்கிறதா என்பதைத்தான். பிஸ்கட் டப்பா இருந்தது. உட்காரவில்லை. தட்டுகளை என் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"முந்தின தட்டப் போட்டேன் டாக்டர். சரி, முதல்ல எம்புட்டுக் கோணலா இருந்துச்சு, இப்ப எம்புட்டுச் சரியாயிருக்குன்னு அம்மாவுக்குக் காட்டலாம்னு பழசெல்லாம் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன். போன வருசத் தீபாவளிக்குக் குடுத்த தட்டு அச்சா வந்து உக்காந்துருச்சு. வரிசையா வச்சுப் பாத்தா, நடுவுல நீங்க குடுத்த தட்டுகளே எதிர்ப்பக்கமாத் திரும்பிக்கிட்டு வந்திருக்கு."

"அதான் சொல்லியிருக்கேனேம்மா. பல்லுக்கு ஞாபகம் உண்டு. தானாத் திரும்பிப் போகும்."

"பல்லு தானாத் திரும்புனா, அது திரும்புறதுக்கு முன்னாடியே தட்டு எப்பிடி டாக்டர் திரும்பியிருக்கும்? தட்டு நீங்க செஞ்சதுதான?"

நல்ல கேள்வி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு இது தோன்றியிருக்காது. இவ்வளவு மூளை உள்ள பெண் விமானத்தில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போகாததே நல்லது என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. துப்பட்டாவையும் தூக்கவில்லை. வாயைத் திறந்து, அந்தப் பல்லை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினாள். பல் ஆடியது.

அவள் அதற்குப் பிறகு வேறொரு மருத்துவரிடம் எடுத்த எக்ஸ்ரே படம் உங்களிடம் இருக்கிறது. வேர் பாதிக்கு மேல் கரைந்திருப்பது அதில் தெரிகிறது. முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருந்தால் வேர் கரையும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். கரைய ஆரம்பித்ததை என் ஆசுபத்திரியிலேயே படம் எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன். அன்று அண்ணன் படி ஏறும்போது எங்கள் பாஷையில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். அடுத்த தட்டையும் செய்தேன்.

எனவே, குழு கேட்கும் நேரான பதில்: ஆம். அந்தப் பெண்ணின் பல்லை வேண்டுமென்றே திருப்பித் திருப்பிக் கெடுத்தது நான். அவளுடைய வேலை போனது என்னால். அந்தப் பல் இனி நிற்காது. விழும். இதில் வேறு யாருக்கும் தொடர்பு இல்லை, எனக்குப் புத்தி பேதலிப்பும் இல்லை. கோழிக் குழம்புக்காகவா செய்தாய் என்று உங்களில் ஒருவர் சத்தம் போட்டார். அப்படிச் சொன்னால் கேவலமாக இருக்கிறது. அவர்களை நான் என் சொந்தமாக நினைத்தேன். அதுதான் காரணம். தங்கச்சி பேரனுக்கு மொட்டை போடுகிறோம், கோயிலில் கிடா வெட்டு, எழுமலைக்கு வாங்க தம்பி என்று அண்ணன் ஒரு தடவை வருந்தி அழைத்தார். அவ்வளவு தூரம் பஸ்ஸில் யார் போவது என்று போகவில்லை. கறியைப் புதன்கிழமை அவரே கொண்டுவந்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய தூக்குவாளி ஒன்று என்னிடம் தங்கிவிட்டிருந்தது. புகார் கொடுத்த பிறகு ஒரு நாள் அண்ணன் அதை வாங்க வந்தார். மாடி ஏறவில்லை. கீழே சேலைக் கடை வாசலில் நின்றுகொண்டு அன்னக்கொடியைக் கூப்பிட்டுக் கேட்டார். நானே அதைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து வைத்திருந்தேன். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது அல்லவா? அடி மறையச் சர்க்கரை போட்டு மூடிக் கொடுத்தனுப்பினேன்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். மூடியைத் திறந்து பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்துச் சர்க்கரை முழுவதையும் தெருவோரம் கொட்டினார். உள்ளே ஒட்டியிருந்ததையும் தட்டி உதறினார். வேட்டி நுனியால் தூக்குவாளியின் உட்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கீழவாசல் பக்கம் நடந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வந்து மொய்த்துக்கொண்டன. அண்ணன் எப்போதுமே அப்படித்தான், வாயில்லா ஜீவன் மேல் அவ்வளவு இரக்கம்.

புதன்கிழமை மதியத்தை இன்றும் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. தூக்குவாளிதான் என்னிடம் மாட்டிக்கொண்டிருந்தது, பாவம், எதில் ஊற்றிக் கொண்டுவருவார்கள். இப்போது அது அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதனால் கவலை இல்லை.